ஆவரசம்பூத் தண்ணியும் மாமிட சக்கரைக்கட்டியும்

எங்கட ஊர்ல சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், இப்ப கொஞ்சக் காலமா ஆவரசம்பூ, அதான் ஆவாரம்பூ, இல்லாத வீட்டத் தேடிப் பிடிக்கிறதும் அதேயளவு கஷ்டமாப் போச்சு. முந்தி ஒரு வீட்டுக்குப் போனா பிளேன்டியா பால் தேத்தண்ணியா எண்டு கேப்பாங்க, இப்ப மூண்டாவதா ஆவரசம்பூத் தண்ணி அவிச்சு வச்சிருக்கன் குடிக்கிறீங்களா எண்டும் கேக்குறாங்க. நான் வேணாமெண்டு சொல்றதில்ல, வாங்கிக் குடிப்பன், எனக்கு அந்த ருசி பிடிக்கும். ஆனா கோப்பையோட சேத்து ஒரு கதையும் தருவாங்க பாருங்க, அதுதான் தொண்டைக்குள்ள இறங்குதில்ல. இதக் குடிச்சு இன்னாருக்கு சீனி அடியோட இல்லாமப் போச்சாம், குளிசைய எல்லாம் தூக்கி எறிஞ்சிட்டாராம், கிளினிக் பக்கமே போறதில்லயாம். அந்த இன்னார் ஆரெண்டு கேட்டா ஆருக்கும் தெரியாது, எப்பவும் மூதூர்ல இருக்கிற ஆரோ ஒராளுட மச்சானாத்தான் இருப்பார்.

செடிய முதல்ல சொல்லிர்றன், ஏனெண்டா பக்கெட்டுக்குள்ள பூவக் கண்ட கனபேர் செடிய நேரில கண்டதில்ல. திருகோணமலை டவுனால வெளிக்கிட்டு உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எண்டு புல்மோட்டை ரோட்டால வடக்கப் போகப் போக வீடுகள் குறைஞ்சு மணலும் பத்தையுமா வரும், அங்க ரோட்டுக் கரையிலயே நிக்கும். கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போற வழியிலயும் நிக்குது. இடுப்பளவு, கூடிப்போனா ஒரு ஆள் உயரம். யாரும் நட்டதில்ல, யாரும் தண்ணி ஊத்தினதில்ல. கச்சான் காத்து அடிக்கத் தொடங்கி ஆனி ஆடியில புல்லெல்லாம் கருகி தரவை முழுக்க காவி நிறமாக் கிடக்கிற நேரத்திலயும் இது பச்சையா நிண்டு மேல மஞ்சளாப் பூத்துக்கொண்டிருக்கும். வருசம் முழுக்க எங்கயாவது ஒரு கொப்பில பூ இருக்கும்தான், ஆனா மாரி மழை விட்டு தை மாசி வரேக்க பூக்கும் பாருங்க, அதுதான் பூப்பு, ரோட்டில போற பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தாலே தெரியும்.

பூவக் கிட்டப் போய்ப் பாக்கோணும். அஞ்சு இதழ், கரையெல்லாம் கொஞ்சம் சுருங்கி, நல்ல மஞ்சள், அதுக்குள்ள செம்மஞ்சள் நரம்பு ஓடும். நடுவில பத்துக் கேசரம் இருக்கும், எல்லாம் ஒரே அளவில்ல, மேல இருக்கிற மூண்டும் சின்னன், மலடு, கீழ உள்ளதுகள்தான் பெருசா வளைஞ்சு வேலை செய்யிறது. இதில விசயம் என்னெண்டா இந்தப் பூவில தேன் இல்ல. தேன் இல்லாத பூவுக்கு ஏன் வண்டு வருது எண்டு கேட்டா, மகரந்தத்துக்கு. அதையும் சும்மா குடுக்காது, கேசரத்தின்ட நுனியில சின்ன ஓட்டை மட்டும்தான் இருக்கு, அதுக்குள்ள பூட்டி வச்சிருக்கும். மரத்தத் துளைக்கிற பெரிய கருவண்டு தெரியும்தானே, அது வந்து பூவ அப்பிடியே கட்டிப் பிடிச்சுக்கொண்டு, சிறகை விரிக்காம நெஞ்சுத் தசைய மட்டும் அதிர வைக்கும். பறக்கேக்க வாற சத்தம் ஒண்டு, அது இல்ல இது, அதவிடக் கீச்சா குறுக்கா ஒரு சத்தம், விட்டு விட்டு வரும். அந்த அதிர்வில மகரந்தம் ஓட்டையால பொடியாக் கொட்டி வண்டுட வயித்தில அப்பிக்கொள்ளும். விடிய ஏழு எட்டு மணி போல ஒரு பத்தைக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் பேசாம நிண்டா நீங்களே கேக்கலாம், போனையெல்லாம் பொக்கெட்டுக்குள்ள வச்சிட்டு நில்லுங்க.

பழைய காலத்தில இந்தப் பூவுக்கு வேற ஒரு உத்தியோகமும் இருந்திருக்கு. சங்கப் பாட்டுகள்ல மடலேறுற ஆக்கள் வருவாங்க, விரும்பின பொம்பிளை கிடைக்கல்ல எண்டா பனை மடல்ல குதிரை செஞ்சு அதில ஏறி தெருவால வாறது, ஊர் முழுக்கப் பாத்துச் சிரிக்கட்டும் எண்டு. அப்பிடி வாறவன் கழுத்தில போட்டு வாற மாலை ஆவிரம்பூவும் எருக்கம்பூவும். ஆரும் சீண்டாத காட்டுப் பூ எண்டபடியாத்தான் அதப் போட்டிருக்கிறான். இப்ப அதே பூ சூப்பர்மார்க்கெட்ல மட்டைப் பெட்டிக்குள்ள, டீ பேக்கா. தெலுங்கானாவில இன்னும் ஒரு படி மேல, 2014ல தனி மாநிலமாப் பிரிஞ்ச கையோட இதத்தான் மாநிலப் பூவா வச்சாங்க, அவங்கட பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கடுக்கா வைக்கிற பூக்கள்ல இது முக்கியமானது.

பட்டைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. தோல் பதனிடுறதுக்கு வேண்டிய துவர்ப்புச் சத்து, டானின் எண்டுறது, இதின்ட பட்டையில நல்லா இருக்கு, தென்னிந்தியாவில தோல் தொழில் பெருசா நடந்த காலத்தில ஆவாரம்பட்டைதான் அங்க முக்கியமான சரக்கு, பிறகு தென்னாபிரிக்காவில இருந்து வாற வாட்டில் பட்டை வந்து இடத்தப் பிடிச்சிட்டு. வாய்ப்புண்ணுக்கு பட்டைய அவிச்சுக் கொப்பளிக்கச் சொல்றதும் இந்தத் துவர்ப்புக்காகத்தான், தோல இறுக்கிற சாமான் வாய்க்குள்ள இருக்கிற புண்ணையும் கொஞ்சம் இறுக்கும்.

இப்ப ஒரு முக்கியமான விசயம். வாட்ஸ்அப்பில வாற படங்கள்ல பாதிக்கு மேல ஆவரசே இல்ல. மஞ்சளாப் பூத்ததெல்லாம் ஆவரசு எண்டு நினைக்கிறாங்க. ரோட்டோரம் நிழலுக்கு வச்ச மஞ்சள் பூ மரம் வேற, மெழுகுதிரி மாதிரி நிமிந்து பூக்கிற சீமையகத்தி வேற, பொன்னாவரை வேற, தகரை வேற. எல்லாம் ஒரே குடும்பம், அதாலதான் குழப்பம். பொன்னாவரையிட இலை நுனி கூரா இருக்கும், கசக்கினா ஒரு மாதிரி நாறும், காய் ஒல்லியா இருக்கும். ஆவரசிட காய் தட்டை, மெல்லிசு, காய்ஞ்சா கடதாசி போல மண்ணிறமா வந்து காத்துக்குச் சரசரக்கும், உள்ளுக்க விதை எங்க எங்க இருக்கு எண்டு வெளியால எண்ணலாம். இன்னும் சந்தேகம் எண்டா இலைக்காம்பு கொப்போட சேர்ற இடத்தப் பாருங்க, ரெண்டு பக்கமும் காதுமடல் வடிவில வட்டமா சின்னதா இலை ஒட்டியிருக்கும், விழாம அப்பிடியே நிக்கும். அது இருந்தா ஆவரசு. அது இல்லயெண்டா கைவைக்காதீங்க, பொன்னாவரை விதையத் திண்டு பிள்ளைகள் கடுமையா வருத்தப்பட்ட சம்பவங்கள் இந்தியாவில நடந்திருக்கு, விளையாட்டில்ல.

எங்கட அம்மம்மா பூ ஆயுறது விடிய, பனி காய்ஞ்ச பிறகு, வெயில் ஏற முதல். பூவோட எறும்பும் வரும், சுளகில போட்டு நாலு தட்டுத் தட்டினா எறும்பு இறங்கி ஓடும். காம்பு கிள்ளி, நிழல்ல பாய் விரிச்சுப் பரப்புவா, வெயில்ல போட விடமாட்டா, நிறம் செத்துப் போகும் எண்டு. நிழல்ல போட்டாலும் காயக் காய மஞ்சள் மங்கி மண்ணிறம் கலந்துதான் வரும், கடையில வாங்கின பக்கெட்டுக்குள்ள பூ பளிச்செண்டு மஞ்சளா இருந்தா எனக்கு முதல்ல வாறது சந்தேகம். போத்தல்ல போட்டு மூடி வைக்கிறது, மாரிக்குள்ள ஒருக்காத் திறந்து பாக்கோணும், பங்கசு பிடிச்சா முழுசா எறியத்தான் வேணும். அவிக்கிறது பெரிய வித்தை ஒண்டுமில்ல, கேத்தல்ல தண்ணி கொதிச்ச பிறகு ஒரு சின்னப் பிடி, கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு இறக்கி வடிக்கிறது. செம்பு நிறத்தில வரும். முதல் வாயில ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும், பிறகு நாக்கின்ட ரெண்டு பக்கமும் லேசா ஒரு துவர்ப்பு நிக்கும். அவ்வளவுதான். சிங்கள ஆக்கள் இத ரணவரா எண்டு காலங்காலமாக் குடிக்கிறாங்க, அநுராதபுரம் பக்கமோ திஸ்ஸ பக்கமோ போனா ரோட்டுக்கரைக் கடையில பெலிமல் எண்ட வில்வம்பூத் தண்ணியும் ரணவராவும் சுடச்சுட கோப்பையில தருவாங்க, பக்கத்தில ஒரு துண்டு கித்துள் சக்கரையும், அதான் கித்துள் பனையில செய்யிற வெல்லக்கட்டி, வைப்பாங்க, கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறதுக்கு.

அம்மம்மா அதக் குடிச்சது மூத்திரக் கடுப்புக்கு, உடம்புச் சூட்டுக்கு, இல்லாட்டி சும்மா பின்னேரத்தில தேயிலை முடிஞ்சு போச்சு எண்டதுக்கு. மிச்சப் பூவ பாசிப்பயறோட அரைச்சு பொம்பிளைப் பிள்ளைகள் தேய்ச்சுக் குளிக்கக் குடுப்பா. சில நாள் பச்சைப் பூவ பருப்போட போட்டு ஒரு கறி வைப்பா, அது நல்லா இருக்கும். சீனி வருத்தத்துக்கு எண்டு அவ ஒருநாளும் குடிச்சதில்ல, அவட காலத்தில ஆருக்கும் சீனி இருக்கா இல்லயா எண்டு பாத்தாத்தானே.

மாமிக்கு வருவம். மாமி எண்டா எங்கட அப்பாட தங்கச்சி, சீனி வருத்தம் வந்து கனகாலம், பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒழுங்காப் போய்க்கொண்டிருந்தவ. 2022ல நாடு கவிண்ட நேரம் எல்லாருக்கும் நினைவிருக்கும், பெற்றோல் இல்ல, கேஸ் இல்ல, பால்மா இல்ல, அதோட மருந்தும் இல்ல. பாமசி பாமசியா அலைஞ்சாலும் வழக்கமாக் குடிக்கிற குளிசை கிடைக்கல்ல, கிடைச்சாலும் விலை கேட்டா தலை சுத்தும். அந்த நேரம்தான் எங்கட பக்கம் ஆவரசம்பூ திரும்ப உசிர் பெத்தது, அதில பிழை சொல்ல ஏலாது, ஒண்டுமில்லாத நேரத்தில ஆக்கள் கைக்கெட்டினதப் பிடிக்கத்தான் செய்வாங்க. பிரச்சினை என்னெண்டா குளிசை திரும்பக் கடைக்கு வந்த பிறகும் மாமி குளிசைக்குத் திரும்பல்ல. நான் ஒருநாள் பின்னேரம் போறன், குசினியில கேத்தல் கொதிக்குது, மேசையில கிளினிக் கொப்பி, அதுக்கு மேல ஒரு தட்டு, தட்டில சக்கரைக்கட்டி.

"மாமி, இது என்ன?"

"ஆவரசம்பூத் தண்ணி மகன், சீனிக்கு நல்லம்."

"அது சரி, பக்கத்தில இருக்கிறது?"

"அது சக்கரைடா. நான் சீனி தொட்டே ஒரு வருசம்."

"சக்கரையும் சீனிதானே மாமி."

"போடா, சீனி மெசின்ல செய்யிறது. இது குளிர்ச்சி."

என்னத்தச் சொல்ல. கித்துள் சக்கரையோ பனங்கட்டியோ கருப்பட்டியோ, அதில கொஞ்சம் கனியுப்பு இருக்கு, மணம் இருக்கு, ருசி இருக்கு, எல்லாம் ஓம், ஆனா உள்ளுக்கப் போனா பெரும்பகுதி அதே சுக்ரோசுதான், ரத்தத்தில சீனிய ஏத்தத்தான் செய்யும். சீனிய இறக்கிறதுக்கு எண்டு குடிக்கிற தண்ணிக்கு சீனியக் கடிச்சுக்கொண்டு குடிக்கிறது எங்கட நாட்டுக்கே உரிய கண்டுபிடிப்பு எண்டு நினைக்கிறன். மாமி தனியாள் இல்ல, ஊர்ல அரைவாசிப் பேர் இப்பிடித்தான்.

அப்ப பூவில ஒண்டுமே இல்லயா எண்டு கேட்டா, இருக்கு. இத நான் வாசிச்ச அளவில சொல்றன். 2002ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆக்கள் சீனி வருத்தம் வரப்பண்ணின எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு குடுத்துப் பாத்தாங்க, ரத்தச் சீனி இறங்கியிருக்கு. 2004ல இன்னொரு ஆய்வு, நாங்க திண்டுற மாப்பொருள குடலுக்குள்ள உடைச்சு குளுக்கோஸ் ஆக்கிற நொதி ஒண்டு இருக்கு, அத ஆவரசு மட்டுப்படுத்துது எண்டு காட்டினது, அதாவது சாப்பிட்ட உடன சீனி குப்பெண்டு ஏறாம கொஞ்சம் மெதுவா ஏறும். ஒரு வகை இங்கிலீஸ் குளிசையும் இதே வேலையத்தான் செய்யுது. ஆக சொல்லி வந்தது சும்மா கதையில்ல, அடிப்படை இருக்கு. ஆனா கவனிச்சீங்களா, ரெண்டும் எலி. குடுத்தது நல்லாச் செறிவாக்கின சாறு, அளவு கணக்கு எல்லாத்தோட. மாமி ஒரு பிடியப் போட்டு தண்ணி நிறம் மாறினோட இறக்கிற கேத்தலுக்கும் அதுக்கும் உள்ள தூரம் கொஞ்ச நஞ்சமில்ல.

சீனி வருத்தத்துக்கு எண்டு விக்கிற கொத்தலஹிம்புட்டுக் கோப்பை கண்டிருப்பீங்க, அந்த மரத்தில கடைஞ்சது, ராவைக்குத் தண்ணி ஊத்தி வச்சு விடியக் குடிக்கிறது. தமிழ் வைத்தியத்தில கடலழிஞ்சில் எண்டுறதும் அதுதான். அது கலந்த தேயிலைய எங்கட நாட்டிலயே மனுசரில சோதிச்சு, ஆருக்கு உண்மையான தேயிலை ஆருக்கு வெறும் தேயிலை எண்டு நோயாளிக்கும் தெரியாம டொக்டருக்கும் தெரியாமக் குடுத்து, 2005ல வெளியிட்டாங்க, மூண்டு மாதச் சராசரிச் சீனி இறங்கியிருந்தது. அந்தளவு சோதனை ஆவரசம்பூவுக்கும் வந்தா முதல்ல சந்தோசப்படுறது நானாத்தான் இருப்பன்.

மற்றப் பக்கமும் இருக்கு, அத ஆரும் பக்கெட்டில அடிக்கிறதில்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில 1981ல எங்கட கிராமத்து ஆக்கள் பாவிக்கிற 50 மூலிகைகள எடுத்து ஒரு குறிப்பிட்ட நச்சுக்காகச் சோதிச்சாங்க, பைரோலிசிடின் எண்டு தொடங்குற அல்கலொயிட், ஈரலப் பழுதாக்கிறது. 50ல மூண்டுல அது இருந்தது, அந்த மூண்டுல ஒண்டு ஆவரசு. எலிக்குக் குடுத்துப் பாத்ததில ஈரல்ல காயம். இதுவும் எலிதான், நல்லதுக்கு எலி காணாது எண்டு சொன்ன வாயால கெட்டதுக்கு மட்டும் எலி காணும் எண்டு நான் சொல்லல்ல. இடைக்கிட ஒரு கோப்பை குடிக்கிறவருக்கு இதால பயப்பட ஒண்டுமிருக்கு எண்டு நினைக்கல்ல, தலைமுறை தலைமுறையாக் குடிச்சு வந்த சாமான். ஆனா ஒரு நாளைக்கு மூண்டு நேரம், வருசக்கணக்கா, அதோட காய்ஞ்ச பூவத் தூளாக்கி அப்பிடியே விழுங்கிறது, அதுக்கு மேல ஈரல்ல ஏற்கனவே கொழுப்பு இருக்கிற ஆள் எண்டா, நான் வேணாமெண்டுதான் சொல்லுவன். வயித்தில பிள்ளை இருக்கிறவங்களும் பால் குடுக்கிறவங்களும் தொடவே வேணாம்.

இன்னொண்டு, வலிப்புக்குக் குளிசை குடிக்கிறவங்க கவனமா இருக்கோணும். கார்பமசெபின் எண்டு ஒரு மருந்து, வலிப்புக்குக் கனபேருக்குக் குடுக்கிறது. ஆவரசம் தேத்தண்ணியோட சேத்து அதக் குடுத்த எலிகள்ல மருந்திட அளவு ரத்தத்தில ஏறக்குறைய பாதியளவு கூடிப்போனது எண்டு 2004ல எங்கட நாட்டு ஆய்வாளர்களே எழுதியிருக்கிறாங்க. சீனிக் குளிசையோட எண்டாலும் அதே கதைதான், ரெண்டும் சேந்து இறக்கினா சீனி இறங்க வேண்டியதுக்குக் கீழயும் இறங்கலாம், வேர்த்து, கை நடுங்கி, தலை சுத்தி, அது ஏறினதவிட அவசரமான ஆபத்து. அதால குடிக்கிறீங்க எண்டா கிளினிக்ல டொக்டரிட்ட சொல்லிப்போட்டுக் குடியுங்க. சொன்னா ஏசுவார் எண்டு பயந்து மறைக்கிறதுதான் எங்கட ஆக்களிட்ட இருக்கிற பெரிய வியாதி, சீனியவிட.

மாமிட முக்கியமான வாதம், குளிசை கிட்னியப் பழுதாக்கும் எண்டுறது. இத நான் மாமியிட்ட மட்டும் கேக்கல்ல, மீன் மார்க்கெட்டில, பஸ்ஸில, கோயில் அன்னதானப் பந்தியில எண்டு எல்லா இடமும் கேட்டிருக்கன். கிட்னியப் பழுதாக்கிறது கட்டுப்படுத்தாம விட்ட சீனியும் பிரஷரும். கிட்னி ஏற்கனவே பழுதானவங்களுக்குக் குளிசை அளவக் குறைப்பாங்க, மாத்துவாங்க, அதப் பாத்துட்டு குளிசையாலதான் வந்தது எண்டு கதை திரும்பிப் போச்சு. அதவிட எனக்குச் சிரிப்பு வாறது என்னெண்டா, எல்லாரும் பயப்படுற அந்த மெட்போர்மின் குளிசையே ஒரு பூச்செடியில இருந்து தொடங்கினதுதான். ஐரோப்பாவில சீனி வருத்தத்துக்குப் பாவிச்ச கலேகா எண்ட செடியில இருந்த பொருள ஆராய்ஞ்சு, அதில நச்சுத்தன்மை கூட எண்டு கண்டு, அதே சாயல்ல பாதுகாப்பானத செஞ்சு, 1957ல பிரான்சில முதல் முதல் சீனி வருத்தக்காரருக்குக் குடுத்துப் பாத்து எழுதினாங்க. அவங்கட ஆவரச அவங்க குளிசையாக்கிட்டாங்க எண்டு மாமியிட்ட சொன்னன். அப்ப எங்கட ஆவரச ஏன் இன்னும் ஒருத்தரும் குளிசையாக்கல்ல எண்டு கேட்டா. நல்ல கேள்விதான், பதில் இல்ல என்னட்ட.

கடைசியில மாமிய வழிக்குக் கொண்டுவந்தது நானில்ல, ஒரு பரியாரி. தம்பலகாமம் பக்கத்து மனிசர், பதிஞ்ச சித்த வைத்தியர், 1961ல வந்த ஆயுர்வேதச் சட்டத்துக்குக் கீழ சித்த வைத்தியர்களையும் பதிவு செய்யிறாங்க, போட் போட்டவங்க எல்லாரும் பதிஞ்சவங்க எண்டு நினைக்க வேணாம், கேட்டுப் பாக்கோணும். மாமி போனது நாட்டு மருந்து வாங்க, மனிசர் கையைப் பிடிச்சு நாடி பாத்து, நாக்கப் பாத்து, காலைப் பாத்து, விரலுக்கிடையில ஒரு சின்னப் புண் இருந்ததையும் பாத்திட்டார். சீனி கடைசியா எப்ப பாத்தது எண்டு கேட்டிருக்கிறார். மாமி முழிச்சிருக்கிறா. ஏசின ஏச்சு வெளியில நிண்ட எனக்கே கேட்டது.

"பிள்ளை, தனிப் பூவ அவிச்சுக் குடிச்சா அது தேத்தண்ணி. மருந்தெண்டா ஆவரசோட கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் அளவுக்குச் சேந்து குடிநீரா வரோணும், அதையும் ஆளப் பாத்து, வயசப் பாத்து, எத்தினை நாளைக்கு எண்டு நான் சொல்லோணும். நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தப் பாத்துக்கொண்டு வா. அந்தக் குளிசைய விடச் சொன்னது ஆர்?"

விடச் சொன்னது யூடியூப் எண்டு மாமி சொல்லல்ல.

எனக்கு இதில பிடிச்சது என்னெண்டா, உண்மையாப் படிச்ச நாட்டு வைத்தியர் ஒருநாளும் இங்கிலீஸ் மருந்தத் தூக்கி எறி எண்டு சொல்றதில்ல, அத சொல்றது முழுக்க பக்கெட் விக்கிற ஆக்களும் வீடியோ போடுற ஆக்களும்தான். இப்ப கோணேசபுரியில எங்கட திருகோணமலை வளாகத்திலயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாப் படிப்பிக்கிறாங்க, அங்க படிக்கிற பிள்ளைகளோட கதைச்சா உடற்கூறும் நோய்க்குறியும் எல்லாம் படிச்சுத்தான் வாறாங்க. இந்தப் பூவ மனுசரில ஒழுங்காச் சோதிக்கிறதுக்கு அவங்களவிட நல்ல இடத்தில ஆர் இருக்கினம், பூ வளாகத்து வேலிக்கு வெளியில நிக்குது, நோயாளி ஊர் முழுக்க இருக்கிறாங்க.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" எண்டு எல்லாப் பக்கெட்டிலயும் அடிச்சிருக்கு. குச்சவெளி ரோட்டில ஒரு சுடலை இருக்கு, சுத்திவர ஆவரசு அப்பிடிப் பூத்துக் கிடக்கும். அவ்வளவுதான் சொல்லுவன்.

மற்றது, பூவுக்கு இவ்வளவு மவுசு வந்ததால செடிக்கு வந்த கேடு. நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரக் காணி எல்லாம் வேலி போட்டுத் துப்புரவாக்கியாச்சு, ஹோட்டல் வாறதெண்டா முதல் போறது பத்தை, அதுக்குள்ள ஆவரசும் போகுது. மிஞ்சி நிக்கிறது ரோட்டுக்கரை. ரோட்டுக்கரையில நிக்கிறதுக்கு பஸ் புகை, லொறிப் புழுதி, இப்ப புல்லுச் சாக மருந்து வேற அடிக்கிறாங்க சில இடத்தில. அதில ஆஞ்ச பூவத்தான் ஆரோ பக்கெட்டில போட்டு "இயற்கை" எண்டு விக்கிறாங்க. போதாததுக்கு ஆயுறவங்க கொப்போட முறிச்சுக்கொண்டு போறாங்க, சாக்கில போட்டு. பூவ முழுக்க ஆஞ்சா காய் எங்கால, காய் இல்லாட்டி அடுத்த வருசத்துக் கண்டு எங்கால. அதோட இலையில வெள்ளையும் இளமஞ்சளுமாப் பறக்கிற வண்ணாத்திப்பூச்சிகளிட புழுக்கள் சீவிக்குது, செடி போனா அதுகளும் போகும்.

அதால வேணுமெண்டவங்க வளவுக்குள்ள நடுங்க, வேலியோரத்தில நாலு பத்தை நிண்டா ஒரு குடும்பத்துக்குத் தாராளம், பூவுக்குப் பூவும் ஆச்சு வடிவுக்கு வடிவும் ஆச்சு. விதைக்குத் தோல் சரியான கடினம், அப்பிடியே போட்டா மாசக்கணக்காச் சும்மா கிடக்கும். சுடுதண்ணிய ஊத்தி அது ஆறும் வரைக்கும், ஒரு ராத்திரி முழுக்க ஊற விட்டு, ஊதிப் பருத்ததுகளை மட்டும் எடுத்துப் போடுங்க. பையில முளைக்க வச்சுப் பிறகு மாத்தி நடுறதவிட நேர மண்ணில போடுறது நல்லம், ஆணிவேர் கெதியாக் கீழ இறங்கிரும், பிறகு கிளப்பினா கோவிச்சுக்கொண்டு செத்துப் போகும். மாரி தொடங்க முதல் போட்டா மழை மற்ற வேலையப் பாத்துக்கொள்ளும். எனக்கு அடுத்த மாரி முடியத்தான் பூத்தது. நல்ல வெயில் படுற இடமா இருக்கோணும், மாமர நிழலுக்குக் கீழ வச்சிட்டு பூக்கல்ல எண்டு சொல்ல வேணாம். இப்ப எங்கட வேலியில காய் முத்தி சரசரக்கத் தொடங்கிட்டு, உப்புவெளி சாம்பல்தீவுப் பக்கம் ஆருக்கும் விதை வேணுமெண்டா ஐப்பசிக்கு முதல் வாங்க, ஒரு ஜாம் போத்தல் நிறைய இருக்கு.